அடியிலிருந்து

ஆங்கிலத்தில் ‘ஸப்போர்ட்’ என்பதற்கு எதிர்ப்பதம் ‘அப்போஸ்’ என்று பள்ளிக்கூடத்தில் மனனம் செய்தோம். நம் பத்திரிகைத் தமிழும் இந்த ஜோடியை விட்டு அதிகம் நகரவில்லை. ஆதரித்தார், எதிர்த்தார். சட்டசபைச் செய்திக்கு இது போதும். ஒரு மனிதனைத் தாங்கியிருந்த பலம் எப்படி இல்லாமல் போகிறது என்று சொல்லவேண்டி வரும்போது இந்த ஜோடி கை கொடுப்பதில்லை. 1852-ல் ரோஜே தன் ‘தெஸாரஸை’ வெளியிட்டபோது எதிரெதிர்க் கருத்துக்களை இரண்டு பத்திகளாகப் பிரித்து எதிரும் புதிருமாக அச்சிட்டார். அதில் உதவிக்கு எதிரே அவர் நிறுத்தியது தடையை. எதிர்ப்புக்கு எதிரே ஒத்துழைப்பை நிறுத்தினார். இந்த வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. வைத்தியர் அல்லவா.

‘அப்போஸ்’ என்றால் லத்தீன் வேரின்படி எதிரே வைப்பது. எதிர்ப்பவன் முன்னால் நிற்கிறான். முகம் தெரிகிறது. அவன் அங்கே நிற்பதாலேயே நானும் ஏதோ ஓர் இடத்தில் நிற்கிறேன் என்பது ஊர்ஜிதமாகிறது. ‘ஸப்போர்ட்’ நடக்கிற இடம் வேறு. அது அடியிலிருந்து சுமப்பது. அப்படியானால் அதன் எதிர்ப்பதத்தையும் அடியில்தான் தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தேடினால் கிடைக்கிறது. ‘ஸப்வர்ட்’, அடியிலிருந்து புரட்டுவது. ‘ஸப்ளான்ட்’, உள்ளங்காலுக்கு அடியில் இடறச் செய்து விழவைப்பது. நம்முடைய ‘காலை வாரிவிடுவது’ கிட்டத்தட்ட இதேதான், இரண்டு பாஷைகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதாமலே. ‘அண்டர்மைன்’, அடியில் சுரங்கம் தோண்டுவது. சுமக்கிறவனும் கவிழ்க்கிறவனும் நிற்கிற இடம் ஒன்றுதான்.

இந்தக் கடைசிச் சொல் முற்றுகைப் போரிலிருந்து வந்தது. 1215-ல் இங்கிலாந்தின் ஜான் அரசன், தனக்கு எதிராகக் கிளம்பிய பிரபுக்கள் பிடித்துவைத்திருந்த ராச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்டான். கல் எறியும் யந்திரங்களுக்குக் கோபுரம் மசியவில்லை. அஸ்திவாரத்துக்கு அடியில் தோண்டச் சொன்னான். தோண்டத் தோண்ட மேலே இருக்கும் சுவர் தோண்டுகிறவர்கள் தலையிலேயே இறங்கிவிடக் கூடாதே, அதற்காக மரக்கால்களை முட்டுக் கொடுத்துக்கொண்டே போகவேண்டும். வேலை முடிந்ததும் அந்த மரங்களுக்குத் தீ வைக்கவேண்டும். தீ நன்றாகப் பிடிக்க, சாப்பிடுவதற்கு லாயக்கற்ற நாற்பது கொழுத்த பன்றிகளை அனுப்பச் சொல்லி அரசன் அனுப்பிய உத்தரவு இன்றும் இருக்கிறது. கோபுரத்தின் ஒரு மூலை சரிந்தது. பின்னால் அதை வட்டமாகக் கட்டினார்கள். மற்ற மூன்று மூலைகளும் சதுரம். இப்போது போனாலும் பார்க்கலாம்.

சரித்திரப் புத்தகங்கள் பன்றிகளை விடுவதில்லை. என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த மரக்கால்கள். தோண்டுகிறவன், தோண்டி முடிக்கிற வரைக்கும், சுவரைத் தாங்குகிறான். மனப்பூர்வமாக, கண்ணும் கருத்துமாகத் தாங்குகிறான். கோட்டைக்கு உள்ளே இருப்பவர்களைக்கூட விட, அது இன்றைக்கு விழுந்துவிடக் கூடாது என்பதில் அவனுக்கு அக்கறை அதிகம். அந்த நாட்களில் யாராவது சுரங்கத்துக்குள் எட்டிப் பார்த்திருந்தால் அஸ்திவாரத்தைப் பலப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள். ஆங்கிலேயர்கள் இன்று இந்தச் சொல்லைத் தினமும் உபயோகிக்கிறார்கள், மரக்கால்கள் ஞாபகம் இல்லாமல். தமிழில் அது ஒரே சொல்லுக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. சாய்ந்த சுவருக்கும் குலை தள்ளிய வாழைக்கும் முட்டுக் கொடுக்கிறோம். ஒருவன் காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறோம். தேர்ச் சக்கரத்துக்கு முன்னால் கட்டையோடு குனிந்து ஓடுகிற ஆளைக் கேட்டால், தேரை நிறுத்துவதும் அதுதான், திருப்புவதும் அதுதான் என்பான்.

கூட்டம் சேர்ந்து செய்யும் காரியங்களுக்கு ஆங்கிலம் வேறு இரண்டு சொற்களை வைத்திருக்கிறது. ‘ஆஸ்ட்ரஸைஸ்’ ஏதென்ஸிலிருந்து வந்தது. பானை ஓட்டில் பெயரைக் கீறிப் போடுவார்கள். பெயர் அடிபட்டவன் பத்து வருஷம் ஊருக்கு வெளியே. 1937-ல் அக்ரோபொலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டொக்ளிஸின் பெயர் கீறிய ஓடுகள் நூற்றுத் தொண்ணூறு கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் எழுதியவர்கள் ஒரு டஜன் பேருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நம் வாசகர் கடிதப் பகுதிகளை நினைத்துக்கொண்டேன்.

‘பாய்காட்’ ஒரு ஆளின் பெயர். 1880-ல் அயர்லாந்தின் மேயோ பகுதியில், ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜெண்டாக இருந்தவர் காப்டன் பாய்காட். குத்தகையைக் குறைக்க மறுத்ததும் அறுவடைக்கு ஆள் வரவில்லை. கொல்லன் வரவில்லை, துணி வெளுப்பவள் வரவில்லை, தபால் கொண்டுவரும் பையனும் நின்றுவிட்டான். வடக்கேயிருந்து ஐம்பது பேர் வந்து அறுத்துக் கொடுத்தார்கள், அவர்களுக்குக் காவலாக ஆயிரம் பேர்போலச் சிப்பாய்கள். ‘ஆஸ்ட்ரஸைஸ்’ என்றால் குடியானவர்களுக்குப் புரியாது, ‘பாய்காட்’ என்றே சொல்லிவிடலாம் என்று அந்த ஊர்ப் பாதிரியார் யோசனை சொன்னதாக அப்போது அங்கிருந்த ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்காரர் எழுதியிருக்கிறார். இதை நாம் பகிஷ்காரம் என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். மேயோவில் கீழே இருந்தவர்கள் தங்கள் தோளை விலக்கிக்கொண்டார்கள், மேலே இருந்தவர் ஆடிப்போனார். நம் கிராமங்களின் ஊர்விலக்கில் நடப்பது தலைகீழ். கூலி வேலையும் கடைச் சரக்கும் பொதுக்குழாய்த் தண்ணீரும் மேலேயிருந்து நிறுத்தப்படுகின்றன, கீழே இருப்பவனுக்கு. ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டுவிட்டு நியாயம் பேச ஆரம்பித்தால் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு தூரம் நான் இந்தச் சொற்களோடு மல்லுக்கட்ட ஒரு நண்பர் காரணம். பெயர் வேண்டாம். கவிஞர். அவருடைய முதல் தொகுப்பை ஒரு பெரியவர் தன் சொந்தச் செலவில் போட்டுக் கொடுத்தார். முந்நூறு பிரதிகள். கவிதைகள் முப்பத்திரண்டு பக்கம், பெரியவரின் முன்னுரை பதினொரு பக்கம். நான் அப்போது வெளியூரில் இருந்தேன். தபாலில் வந்த புத்தகத்தில் முன்னுரையைத் தாண்டிக் கவிதைகளுக்கு வரவே சிரமப்பட்டேன். விமர்சனம் எழுதியவர்கள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. முன்னுரையோடு உடன்பட்டார்கள், அல்லது முன்னுரையோடு சண்டை போட்டார்கள். கவிதைகளைப் பற்றி ‘நல்ல முயற்சி’ என்று ஒரு வரி. குறைவாகப் பாராட்டியே ஆளை முடிக்கும் வித்தைக்கும் ஆங்கிலத்தில் ஒரு சொற்றொடர் உண்டு. 1735-ல் வெளிவந்த ஒரு கவிதையில் போப், இறந்து பதினாறு வருஷமாகியிருந்த அடிசனைக் குறிவைத்து எழுதியதிலிருந்து வந்தது. தமிழில் அந்தக் காரியத்துக்கு இந்த இரண்டு சொற்களே போதும்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு தமிழாசிரியர் மட்டும் நான்கு பக்கம் திட்டி எழுதியிருந்தார். இது கவிதையே இல்லை, யாப்பு தெரியாதவன் செய்கிற அட்டூழியம் என்று. நண்பர் அந்தக் கடிதத்தை மடித்து மணிபர்ஸில் வைத்திருந்தார். பதில் எழுதினார், மறுபதில் வந்தது. அந்த ஆறு மாதத்தில் அவர் எழுதிய ஏழெட்டுக் கவிதைகள்தான் அவருடையவற்றில் சிறந்தவை என்பது என் கட்சி.

பெரியவர் திட்டவில்லை. கூட்டங்களில் பேசுகிறபோது சொல்லும் பெயர்களில் நண்பரின் பெயர் ஒரு நாள் இல்லை. அடுத்த முறையும் இல்லை. மற்றவர்களும் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். முன்னுரைதான் அந்தப் புத்தகத்தை நிறுத்தி வைத்திருந்தது என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. இரண்டாவது தொகுப்புக்கான கவிதைகளை ஒரு ரூல்டு நோட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார் நண்பர். நகல் எடுத்துக்கொள்ளவில்லை. ‘இருக்கட்டும், நிதானமாகப் பார்ப்போம்’ என்று வாங்கி வைத்துக்கொண்டார் பெரியவர். பார்க்கப் போகும்போதெல்லாம் காப்பி கொடுப்பார், வேலை எப்படி, குழந்தைகள் எப்படி என்று விசாரிப்பார். புரூஃப் பார்க்க ஏதாவது இருந்தால் கொடுத்தனுப்புவார்.

அவர் உங்களுக்குச் செய்தது என்ன என்று ஒரு தடவை கேட்டேன். நண்பர் கொஞ்சம் கோபத்தோடுதான் சொன்னார்: “என்ன செய்தார்? கடைசிவரைக்கும் எனக்கு ஆதரவாகத்தானே ஸார் இருந்தார்.”

நோட்டு திரும்பி வரவில்லை. பெரியவர் காலமான பிறகு அவர் வீட்டில் போய்க் கேட்டோம். பழைய காகிதங்களை எடைக்குப் போட்டாகிவிட்டது என்றார்கள்.