தாய்மொழிக்கு நாணிய மாநிலம்

எம் மகன் பணியின் பொருட்டுப் பிரான்சு நாட்டின் மார்சேய் நகரில் குடும்பத்தோடு வாழ்கின்றான். காரைக்காலில் பிறந்தோர்க்குப் பிரான்சு புதிய நாடன்று. 1954ஆம் ஆண்டுவரை பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்த ஊர் அன்றோ எம்மூர்! 2022ஆம் ஆண்டுக் கோடையில் யாம் அங்குச் சென்றிருந்தபோது, ஒன்பது வயதுப் பெயர்த்தியிடம் தமிழில் நலம் வினவினோம். அவள் பிரெஞ்சு மொழியில் விடையிறுத்தாள். தமிழில் சொல் அம்மா என்றோம். "புரிகிறது, பேச வராது" என்று அதனையும் பிரெஞ்சிலேயே கூறிவிட்டு ஓடினாள். முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் பயிற்றிய எம் நெஞ்சில் அச்சொல் முள்ளாய்த் தைத்தது.

சில நாள் கழித்து அதே சொற்களை வேறொரு வாயிலிருந்து கேட்டோம். மகன் வாழும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எண்பது வயது கடந்த முதியவர் ஒருவர் இருந்தார். ஆர்ல் நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். மாலைப்பொழுதில் வாயிலில் நாற்காலியிட்டு அமர்ந்திருப்பார். எமக்குத் தெரிந்த சிறிதளவு பிரெஞ்சைக் கொண்டு அவரோடு உரையாடுவது வழக்கமாயிற்று. பெயர்த்தியின் செய்தியை யாம் கூறி வருந்தியபோது முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு மறைந்தது. "என் பாட்டி தன் கோழிகளோடும் அண்டைவீட்டுக் கிழவிகளோடும் ஒரு மொழி பேசினாள்; எங்களோடு மட்டும் பிரெஞ்சு பேசினாள். அவள் மொழி எனக்குப் புரியும், பேச வராது" என்றார். பிரெஞ்சு நாட்டார் ஒருவருடைய முன்னோர்க்குப் பிரெஞ்சு தாய்மொழியன்று என்பதே எமக்கு வியப்பாயிருந்தது. அம்முதியவர் காட்டிய வழியே சென்று யாம் அறிந்தவற்றை இம்மலர்வழிப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

அவர் பிறந்த நிலப்பகுதிக்குப் புரோவான்ஸ் என்பது பெயர். கிழக்கே ஆல்ப்சு மலை, மேற்கே ரோன் ஆறு, தெற்கே மத்தியதரைக் கடல் ஆகியவற்றின் இடையே அமைந்தது. கி.மு. 600ஆம் ஆண்டளவில் கிரேக்க வணிகர் மார்சேய்த் துறைமுகத்தை நிறுவினர். பின்வந்த உரோமர் இந்நிலத்தைப் 'புரோவின்சியா', அதாவது மாகாணம் என்று வழங்கினர். அப்பொதுப்பெயரே நாளடைவில் இதன் சிறப்புப்பெயராயிற்று. உரோமர் விட்டுச்சென்ற இலத்தீன் மக்கள் நாவில் மெல்ல மாறி, வடக்கே பிரெஞ்சாகவும் தெற்கே ஒக்சித்தானியமாகவும் பிரிந்தது. 'ஆம்' என்பதற்குத் தெற்கே 'ஓக்' என்றனர். வடக்கே 'ஓய்' என்றனர். இச்சொல் வேறுபாட்டைக் கொண்டே தாந்தே என்னும் இத்தாலியப் பெரும்புலவர் இம்மொழிகளை வகுத்துக் காட்டினார்.

ஒக்சித்தானியத்தின் கிழக்கு வழக்கே புரோவான்சால். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் துருபதூர் எனப்படும் பாவலர்கள் ஒக்சித்தானிய மொழியில் இயற்றிய காதற்பாடல்கள் ஐரோப்பிய அரண்மனைகள் பலவற்றில் ஒலித்தன. இத்தாலியரும் கற்றலோனியரும்கூட இம்மொழியைப் பயின்று கவிபாடினர். துருபதூர் என்னும் சொல் 'கண்டெடுத்தல்' என்னும் பொருளுடைய உள்நாட்டு வினையிலிருந்து பிறந்தது என்பர் ஒருசாரார். 'தரப்' என்னும் அரபுச்சொல்லிலிருந்து பிறந்தது என்பர் மற்றொருசாரார். அவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

அரபு உலகிற்கும் இந்நிலத்திற்கும் உள்ள தொடர்பு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடவில்லை. அந்தலூசியாவிலிருந்து கடல்வழி வந்த முஸ்லிம் வீரர்கள் கி.பி. 887 அளவில் இக்கரையில் ஃபிராக்சினெத்தும் என்னுமிடத்தில் அரண் அமைத்தனர். அரபு நிலநூலார் இப்னு ஹவ்கல் அதனை ஜபல் அல்கிலால் எனக் குறிப்பிடுகின்றார். அவர்தம் கை ஆல்ப்சு மலைக் கணவாய்கள்வரை நீண்டது. 972இல் குளூனி மடத்தின் தலைவரைச் சிறைப்பிடித்து மீட்புப்பணம் பெற்றனர். அடுத்த ஆண்டளவில் புரோவான்சின் கோமான் கியோம் அவர்களை முறியடித்தார். இவ்வரலாற்றைப் பெருமையாக உரைப்பார் உளர். யாம் அவ்வாறு உரையோம். கொள்ளை எவர் செய்யினும் கொள்ளையே. நாம் பெருமை கொள்ளத்தக்கது வேறொன்று.

கிரனாடாவில் பிறந்த யூத அறிஞர் யூதா இப்னு திப்பூன் என்பார் 12ஆம் நூற்றாண்டில் தென்பிரான்சின் லூனல் என்னும் ஊரில் குடியேறினார். அரபு நூல்களை அரும்பாடுபட்டுத் தொகுத்தார். மகன் சாமுவேலுக்கு அரபு மொழியறிவை ஊட்டினார். மைமோனிதேசு அரபு மொழியில் எழுதிய 'திகைப்போர்க்கு வழிகாட்டி' என்னும் நூலை, அம்மகனே 1204ஆம் ஆண்டு ஆர்ல் நகரில் எபிரேயத்தில் பெயர்த்து முடித்தார். 1286இல் அதே ஆர்ல் நகரில் பிறந்த கலோனிமோசு என்பார், இக்வானுஸ் ஸஃபா குழுவினர் எழுதிய, மனிதர்மீது விலங்குகள் வழக்குரைக்கும் கதையை 1316இல் எபிரேயத்தில் தந்தார். இமாம் கஸ்ஸாலிக்கு மறுப்பாக இப்னு ருஷ்து எழுதிய நூலினை, நேப்பிள்சையும் புரோவான்சையும் ஒருங்கே ஆண்ட இராபர்ட்டு மன்னர்க்காக 1328இல் இலத்தீனில் பெயர்த்தவரும் அவரே. வாளேந்தி வந்தோர் தொண்ணூறாண்டும் நிலைத்தாரல்லர். ஏடேந்தியோர் பணியோ எழுநூறு, எண்ணூறு ஆண்டு கடந்தும் நிற்கின்றது. பிறமொழி கற்றமையால் அவர்கள் தம் மொழியை இழந்தாரல்லர். வளப்படுத்தினர் என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

1481ஆம் ஆண்டு புரோவான்சின் கடைசிக் கோமான் மகப்பேறின்றி இறந்தார். தம் நாட்டைப் பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயிக்கு எழுதிவைத்துச் சென்றார். போரின்றி நாடு கைமாறியது. 1539இல் முதலாம் பிரான்சுவா மன்னர் பிறப்பித்த ஆணை, வழக்குமன்ற ஆவணங்கள் யாவும் பிரெஞ்சு மொழியிலேயே அமைதல் வேண்டும் என்றது. மன்றத்தில் புரோவான்சாலுக்கு இடமில்லாமற் போயிற்று. ஆயினும் வயலும் கடலும் சந்தையும் வீடும் அதனிடமே இருந்தன.

அம்மொழி தமிழகக் கடற்கரை வரைக்கும் வந்தது என்றால் வியப்பாயிருக்கும். எக்ஸ் நகரை அடுத்த ஊரில் 1729இல் பிறந்த கடற்படைத் தளபதி சுஃப்ரென், 1782, 1783ஆம் ஆண்டுகளில் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் முதலிய இடங்களில் ஆங்கிலேயரோடு ஐந்து கடற்போர்கள் புரிந்தவர். 1782 சூலைத் திங்களில் கடலூரை அடுத்து ஹைதர் அலியைச் சந்தித்து உறவு பேசியவரும் அவரே. தம் ஊர் மாலுமிகளோடு அவர் புரோவான்சால் மொழியிலேயே பேசுவார் என்பது புகழ்பெற்ற செய்தி. அரசாணை பிறந்து இருநூற்று நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அம்மொழி கப்பல் தளத்தில் உயிரோடு உலவியது.

பின்னர் வந்தது 1789ஆம் ஆண்டுப் புரட்சி. 1790இல் புரோவான்ஸ் என்னும் மாநிலமே வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டுப் பல மாவட்டங்களாகப் பிரிக்கப்பெற்றது. 1792இல் மார்சேய்த் தொண்டர்படையினர் பாடிக்கொண்டு பாரிசுக்குள் நுழைந்த பாடலே அந்நாட்டுப்பண் ஆயிற்று. அவர்தம் ஊர்ப்பெயரையே தாங்கியது. ஆனால் அவ்வூரார் வீட்டில் பேசிய மொழி வேறு! 1794இல் கிரெகுவார் பாதிரியார் மக்களவையில் வைத்த அறிக்கை, குறைந்தது 60 இலட்சம் மக்கள் பிரெஞ்சு அறியார் என்றும், அதனைச் செம்மையாகப் பேசுவோர் 30 இலட்சத்தின் மேற்படார் என்றும் கணக்கிட்டது. வட்டார மொழிகளை ஒழித்தல் வேண்டும் என்பதே அதன் முடிபு. விடுதலையும் சமன்மையும் உடன்பிறப்பும் பேசிய புரட்சி, தாய்மொழியை மட்டும் பகையாகக் கருதியது.

இந்நிலையில் தாயின் பொருட்டு ஒருவர் எழுந்தார். தோட்டக்காரர் மகனான ரூமானிய் என்னும் ஆசிரியர் பிரெஞ்சில் கவிதை எழுதிப் பழகியவர். தம் தாய்க்கு அக்கவிதைகள் விளங்கவில்லை என்று கண்டு, அன்னை பேசிய மொழிக்கே திரும்பினார் என்பர். அவிஞ்ஞோன் நகரப் பள்ளியில் அவரிடம் பயின்றவரே 1830இல் பிறந்த பிரெதெரிக் மிஸ்திரால். இவ்விருவர் உள்ளிட்ட எழுவர் 1854 மே 21இல் கூடி, மொழிகாக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். 1859இல் மிஸ்திராலின் 'மிரேயோ' காவியம் வெளிவந்தது. செல்வக் குடியானவன் மகளொருத்தி கூடை முடைவோன் மகனைக் காதலித்து, பெற்றோர் மறுக்க, வெயிலில் நடந்து உயிர்விடும் கதை அது. அதன் முதற் காண்டத்திலேயே மாலுமியாயிருந்த கூடைமுடையும் முதியவர் சுஃப்ரெனின் வீரத்தைப் பாடுகின்றார். மிஸ்திரால் தம் மொழியின் சொற்களையெல்லாம் திரட்டிப் பேரகராதி ஒன்றையும் 1886இல் நிறைவேற்றினார். 1904இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு அவர்க்கும் இசுபானிய நாடகாசிரியர் எச்செகராய்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பொருளைக் கொண்டு ஆர்ல் நகரில் தாம் நிறுவிய மக்கள்வாழ்வு அருங்காட்சியகத்தை விரிவாக்கினார்.

கவிஞர் பெற்ற மாலை மொழியைக் காத்ததா எனின், இல்லை. 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்களால் கட்டாயக் கல்வி ஊர்தோறும் பரவியது. கல்வி நன்று, ஆனால் அது பிரெஞ்சில் மட்டுமே இருந்தது. தாய்மொழியில் வாய்தவறிப் பேசிய மாணவனிடம் ஒரு மரத்துண்டையோ வேறு அடையாளப் பொருளையோ கொடுப்பர். அவன் தன்னைப்போல் தவறிய மற்றொருவனைக் காட்டிக்கொடுத்து அதனைக் கைமாற்ற வேண்டும். மாலையில் எவன் கையில் உள்ளதோ அவனுக்குத் தண்டனை. முதியவரின் தந்தையார் அத்துண்டைப் பலமுறை சுமந்தவராம். "அதனால்தான் என்னிடம் அவர் ஒரு சொல்லும் அம்மொழியில் பேசவில்லை. எனக்கு நன்மை செய்வதாகவே எண்ணினார்" என்றார் முதியவர். அம்மக்கள் இந்நிலையை 'வெர்கொன்யா' என்பர். நாணம் என்பது அதன் பொருள்.

1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒக்சித்தானியத்தைப் பள்ளியில் விருப்பப் பாடமாக அனுமதித்தது. 2008இல் வட்டார மொழிகள் நாட்டின் மரபுச் செல்வம் என அரசியலமைப்பிலும் எழுதப்பெற்றது. எனினும் கடுமையான அழிவு நிலையிலுள்ள மொழியாகவே புரோவான்சாலை யுனெஸ்கோ குறித்துள்ளது. அரசு தந்த ஏட்டுரிமை வருமுன் வீடு வெறுமையாகிவிட்டது.

ஊர் திரும்புமுன் முதியவர் சொற்படி பெயர்த்தியை அழைத்துக்கொண்டு ஆர்ல் அருங்காட்சியகம் சென்றோம். அந்நாட்டு மகளிரின் பழைய ஆடைகளில் பூ அச்சிட்ட பருத்தித் துணியைக் கண்டோம். அதற்கு அவர்கள் வழங்கும் பெயர் 'எந்தியேன்', அதாவது இந்தியத் துணி. நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் சென்ற அத்துணிவகைமீது மக்கள் கொண்ட மோகம் கண்டு அஞ்சி, பிரெஞ்சு அரசு 1686 முதல் 1759வரை அதனைத் தடைசெய்திருந்தது. தடையை மீறி அது அம்மக்களின் உடையாகவே ஆகிவிட்டது. இதனை விளக்கியபோது பெயர்த்தி, "இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?" என்று பிரெஞ்சில் வினவினாள். "சீட்டி" என்றோம். "சீட்டி, சீட்டி" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். 'உங்கள் மொழி' என்று அவள் கூறியதுதான் எம்மை உறங்கவிடவில்லை.

அன்றிரவு எம்மையே யாம் வினவிக்கொண்டோம். அவளை யார் தடுத்தார்? மன்னர் ஆணையுமில்லை, மரத்துண்டுமில்லை. ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் அவளோடு பேசியவர் யாமே. விரைவில் விளங்கட்டும் என்றும், நமக்கும் பிரெஞ்சு தெரியும் என்னும் சிறு பெருமையாலும், கொச்சைப் பிரெஞ்சிலேயே பேசி வந்தோம். வகுப்பறையில் ஆயிரவர்க்குத் தமிழ் பயிற்றிய நாவு, சொந்தப் பெயர்த்திக்குக் கோழி பெற்ற பேற்றைக்கூடத் தரவில்லை. அம்முதியவரின் தந்தையார்போல் யாமும் நன்மை செய்வதாகவே எண்ணியிருந்தோம்.

மாணவச் செல்வங்களே! அரபு கற்பீர், ஆங்கிலம் கற்பீர், வாய்ப்பிருப்பின் பிரெஞ்சும் கற்பீர். மொழிகளின் வேற்றுமை தன் சான்றுகளுள் ஒன்றென இறைவன் திருமறையில் (30:22) அறிவிக்கின்றான். ஆர்ல் நகர மொழிபெயர்ப்பாளர் காட்டிய வழி அதுவே. ஆனால் பிறந்த மொழிக்கு நாணாதீர். நூற்றாண்டுகளாய் அரசாணை அழிக்காத மொழியை, இரண்டு தலைமுறைப் பெற்றோரின் நாணம் அழித்த கதை புரோவான்சின் கதை. சமுதாயப் பெரியோர்களே! கடல் கடந்து வாழும் பேரக்குழந்தைகள் பேசும்போது தமிழில் பேசுங்கள். அவர்கள் எம்மொழியில் விடையிறுப்பினும் நீங்கள் மாறாதீர்கள்.

இன்று எம் வாராந்தரப் பேச்சு தமிழில் நடைபெறுகின்றது. அவள் விடைகள் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் வருகின்றன. இடையிடையே தமிழும் வருகின்றது. வல்ல இறைவன் அதனைப் பெருகச் செய்வானாக!