தடவினால் வலிக்கும் முதுகு

மழைக்கால மாலை ஒன்றில், மக்ரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில், எங்கள் முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியின் ஓரம் நடுங்கிக் கிடந்தது அந்தப் பூனைக்குட்டி. என் மகள் அதனைத் துணியில் சுற்றி உள்ளே எடுத்து வந்து, ‘முத்து’ என்று பெயரும் வைத்துவிட்டாள். இரண்டு ஆண்டுகள் அது எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றாகவே வளர்ந்தது.

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில் அதன் போக்கு மாறியது. திடீரென முதுகுத் தோல் அலையலையாக நெளியும். கண்மணிகள் அகல விரியும். யாரோ விரட்டுவது போல அறைக்கு அறை ஓடும். தன் வாலையே பகையாக எண்ணிக் கடிக்கும். சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடும்.

“கண்ணேறு பட்டிருக்கிறது” என்றார் ஒருவர். “ஜின்னின் வேலை” என்றார் மற்றொருவர்.

ஒரு நாள் மகள் அன்போடு அதன் முதுகைத் தடவியபோது, அது திரும்பி அவள் கையைக் கடித்துவிட்டது. காயத்தைச் சோப்பிட்டு 15 நிமிடங்கள் ஓடும் நீரில் கழுவி, மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டோம். ஆனால், அதற்கு முன் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. ஆத்திரத்தில் துடைப்பத்தால் முத்துவை அடித்துவிட்டேன்; அதுவும் அதன் முதுகிலேயே.

“பிள்ளை இருக்கும் வீட்டில் இது வேண்டாம், மகளே. மீன் சந்தையில் விட்டுவிடச் சொல். தீனிக்காவது பஞ்சமிராது” என்றார் உம்மா. கூடையும் தயாராகிவிட்டது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடாமல், இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் கதியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தியைச் சிறு வயதிலேயே மதரஸாவில் கேட்டவர்கள் அல்லவா நாம்? நோயுற்ற ஒன்றைச் சந்தையில் விட்டு வந்தபின், அதற்கு என்ன நேர்ந்தாலும் என் பொறுப்பன்று எனச் சொல்லிவிட முடியுமா? மறுநாள் அதே கூடையில் முத்துவைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றேன்.

அவர் மயிரை விலக்கித் தெள்ளுப்பூச்சி உண்டா என்று பார்த்தார். முதுகெலும்பை மெல்ல அழுத்திப் பார்த்தார். வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டார். முதலில் தெள்ளுப்பூச்சிக்கு மருந்திட்டார். “நாய்க்குரிய தெள்ளு மருந்தைப் பூனைக்குப் பூசிவிடாதீர்கள். அவற்றுள் சிலவற்றிலிருக்கும் பெர்மெத்ரின் பூனையின் உயிரைப் பறித்துவிடும். நாம் காய்ச்சலுக்கு உட்கொள்ளும் பாரசிட்டமாலும் அதற்கு நஞ்சுதான்” என்று எச்சரித்தார்.

வாரங்கள் சென்றும் நெளிவு நிற்கவில்லை. அலைபேசியில் நான் பிடித்துச் சென்ற படத்தைப் பார்த்தபின், இது ‘ஹைப்பரெஸ்தீஸியா’ என்னும் மிகை உணர்வு நோய் என்றார். இதன் மூலகாரணம் இன்னும் முழுமையாக விளங்கவில்லை. மற்ற நோய்கள் இல்லையெனத் தெளிந்த பின்னரே இம்முடிவுக்கு வருவார்களாம். இலேசாகத் தொட்டாலும் அந்தத் தோலுக்குத் தாங்காது என்று விளக்கி, ‘கபாபென்டின்’ என்ற மருந்தை அதன் எடைக்கேற்ற அளவில் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் அப்பெயரைச் சொன்னதும் உம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அது எனக்குக் கொடுத்த மருந்தல்லவா?”

உண்மைதான். அதற்கு முந்திய ஆண்டு உம்மாவுக்கு அக்கி கண்டு, புண் ஆறிய பின்னும் தோளில் வலி நீங்காமலிருந்தது. முந்தானை பட்டாலே நெருப்புப் பட்டது போலத் துடிப்பார். ஆறுதலாகத் தோளைத் தொட்ட என் கையை ஒரு நாள் வெடுக்கெனத் தட்டிவிட்டார். அன்று எனக்கு ஏற்பட்ட மனத்தாங்கல் கொஞ்சமன்று.

உம்மா கூடைக்குள் பார்த்தபடியே சொன்னார்: “உன் கையை நானும்தான் தட்டிவிட்டேன். என்னையும் சந்தையில் விட்டிருப்பாயா?”

நான் பதில் சொல்லவில்லை. அன்று முதல் முத்துவுக்கு வேளை தவறாமல் மருந்து கொடுப்பவர் உம்மாதாம். இம்மருந்தைத் திடீரென நிறுத்தக்கூடாது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்த பாடம்.

இப்போது எங்கள் வீட்டில் சில ஒழுங்குகள் உண்டு. முத்துவின் முதுகில் எவரும் கை வைப்பதில்லை. அதுவாக அருகில் வந்தால் மட்டும் தாடைக்கடியில் மெல்லச் சொறிந்து விடுகிறோம். உணவு நேரம் மாறுவதில்லை. உணவுக்கு முன் கயிறொன்றை இழுத்துச் சிறிது நேரம் விளையாட்டுக் காட்டுகிறாள் மகள். அமைதியான மூலையில் ஓர் அட்டைப் பெட்டி வைத்திருக்கிறோம். நெளிவு தொடங்கினால் அதனைப் பிடிப்பதுமில்லை, அதட்டுவதுமில்லை.

நோய் முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆயினும் வெகுவாகக் குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

அன்புச் சகோதரிகளே! வாயில்லா ஜீவன் திடீரெனக் கடித்தால், கோலை எடுக்குமுன் அதற்கு எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். நான் அடித்த அந்த ஓர் அடிக்காக இன்றும் என் ரப்பிடம் மன்னிப்புக் கேட்டு வருகிறேன்.