நாலு அந்தர்

பள்ளிக்கூடத்தில் எனக்குக் 'கிங்கொங்' என்று பட்டம். தடித்த உடம்பு, நாலடி ஓடினால் மூச்சு வாங்கும். ஒருநாள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தபோது வாப்பா சிரித்தார்.

"அது ஏச்சில்லடா மகன். நான் கண்ணால கண்ட மனிசன்ட பேரு."

வாப்பா இளமையில் கொழும்பு புறக்கோட்டையில் நாட்டாமை வேலை செய்தவர். ஐம்பதுகளில் கிங்கொங்கும் தாரா சிங்கும் கொழும்பில் மோதியபோது, கூலிக் காசைச் சேர்த்து டிக்கட் வாங்கிப் போயிருக்கிறார். சனமெல்லாம் தாரா சிங்கின் பக்கம் நின்று கூச்சலிட, தான் மட்டும் கிங்கொங்கின் பக்கம் நின்றதாகச் சொல்வார். அந்தக் கதையை எத்தனை தரம் கேட்டாலும் எனக்கு அலுத்ததில்லை.

கிங்கொங்கின் சொந்தப் பெயர் எமில் சாயா. 1909இல் அன்றைய ஒஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசின் பிராஷோவ் நகரில் பிறந்தவர். இன்று அது ருமேனியாவில் இருக்கிறது. முப்பதுகளில் இந்தியாவுக்கு வந்து மல்யுத்தம் செய்தார். பின்னர் சிங்கப்பூர், மலாயா, அவுஸ்திரேலியா என்று மேடை மேடையாக அலைந்தார். எடை ஏறத்தாழ 200 கிலோ என்பார்கள். பஞ்சாபிலிருந்து நாற்பதுகளின் பிற்பகுதியில் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன தாரா சிங், அங்கேதான் மல்யுத்தம் பழகி மேடை ஏறினார். இவரை வீழ்த்திய பிறகுதான் அவரது பெயர் ஊரெங்கும் பரவியது. 1955இல் தோக்கியோவில் ஜப்பானின் ரிகிடோசானும் இவரைத் தோற்கடித்தே ஆசியப் பட்டத்தைப் பெற்றார். ஒருவர் வீரராவதற்கு இந்த மாமலை சரிய வேண்டியிருந்தது.

1969ஆம் ஆண்டு. நான் எஸ்.எஸ்.சி. வகுப்பில் இருந்தேன். ஒரு சஞ்சிகையில் படித்த அறிவு தலைக்கேறியிருந்தது. திண்ணையில் கூட்டாளிகள் இருக்க, வாப்பா வழக்கம்போலக் கதையைத் தொடங்கினார். தாரா சிங் கிங்கொங்கைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றிய இடம் வந்ததும் நான் குறுக்கிட்டேன்.

"அதெல்லாம் நடிப்பு வாப்பா. யாரு வெல்லுறதெண்டு முதலே பேசி வெச்சிருவாங்க. நீங்க காசக் குடுத்து ஏமாந்திட்டீங்க."

கூட்டாளிகள் சிரித்தார்கள். வாப்பா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

இரவு சோற்றுக்கு இருந்தபோதுதான் வாய் திறந்தார். "நாலு அந்தர் பாரத்த ஒரு மனிசன் தனியத் தூக்கிச் சுத்த ஏலாதெண்டு எனக்குத் தெரியாதா மகன்? பதினொரு வருசம் மூட்டை சுமந்தவன் நான். மூட்டைக்கு உயிரில்ல, அது பாரத்த அப்படியே தரும். மனிசன் ஒடம்பக் குடுத்தாத்தான் மற்றவனுக்குத் தூக்கலாம். அவன் குடுத்தான். ஆனா விழுந்தது பொய்யில்ல. அந்தப் பலகை அதிர்ந்த சத்தம் இன்னும் என்ட காதுல கிடக்கு."

அதன் பிறகு அந்தக் கதையை அவர் யாருக்கும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

1970 மே மாதம் கிங்கொங் இறந்தார். கார் விபத்தில் பட்ட காயங்கள்தான் காரணம். செய்தி பல நாள் கழித்தே எங்கள் ஊருக்கு வந்தது. வாப்பா ஒன்றும் பேசவில்லை. அன்று கடைக்கும் போகவில்லை.

2012 ஜூலை 12ஆம் திகதி தாரா சிங் மறைந்தபோது தொலைக்காட்சியில் நெடுநேரம் காட்டினார்கள். எண்பதுகளின் இராமாயணத் தொடரில் அனுமனாக வந்தவர், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தவர். அவருக்கு அது தகும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் வந்து போயின. நான் மற்றவரின் முகத்தையே தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது வாப்பா மௌத்தாகிப் பல வருடங்கள் கடந்திருந்தன. மையித்தைக் குளிப்பாட்டும்போது அவருடைய வலது தோளைத் தொட்டுப் பார்த்தேன். மூட்டை இருந்த இடம் காய்த்து, கல்லைப் போல இருந்தது. அந்தத் தோளில் ஏறி நின்றுதான் நான் படித்தேன்; அங்கே நின்றுகொண்டுதான் அவரைப் பார்த்து, ஏமாந்திட்டீங்க என்றும் சொன்னேன்.