ஜாக்சன் துரை வேஷம்

1959 மே மாதத்தில் சில நாள் இடைவெளியில் இரண்டு சரித்திரப் படங்கள் வந்தன. ஒன்று, பி.ஆர். பந்துலு இயக்கி சிவாஜி நடித்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்', கலரில். இன்னொன்று, எங்க பக்கத்து சிறுகூடல்பட்டிக்காரர் கண்ணதாசன் தயாரித்த 'சிவகங்கைச் சீமை', கருப்பு வெள்ளையில். இரண்டும் ஒரே கதையின் முன்பாதி, பின்பாதி. கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799-ல். அவர் தம்பி ஊமைத்துரைக்கு அடைக்கலம் கொடுத்த மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801-ல்.

ஆனா சிவகங்கைப் பையன்களான நாங்கள் ஸ்கூல் ஆண்டுவிழாவில் போட்டதெல்லாம் முன்பாதிதான். மீசை வரைந்துகொண்டு வரி, வட்டி என்று கர்ஜிக்க க்யூ நிற்கும். ஜாக்சன் துரைக்குத்தான் ஆள் கிடைக்காது. கடைசியில் எவன் கொஞ்சம் செவப்போ அவனைப் பிடித்து உட்கார வைப்பார்கள். அப்பத்தா ஒருமுறை கேட்டாள்: "நம்ம மருதுவ ஏன்டா ஒருத்தனும் பேசிக் காட்ட மாட்டேங்குறீங்க?"

அதற்கான பதில் நடிப்பில் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

சிவாஜி அந்த வேஷத்தை முதலில் மேடையில் போட்டவர். சக்தி கிருஷ்ணசாமி எழுதிய நாடகம். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டிய குரல், கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டிய புருவம். அதையே கேமரா முன்னாலும் கொண்டுவந்தார். 'தி கிரவுன்' பார்த்துப் பழகிய என் ஆபீஸ் நண்பர்களுக்கு இது ஓவர். அங்கே கிளேர் ஃபாய் ஒரு வார்த்தையை விழுங்கினாலே ராணியின் கோபம் தெரிந்துவிடுகிறது.

போன மாசம் அந்த வரிக் காட்சியை, ஜாக்சனாக வரும் சி.ஆர். பார்த்திபனை மட்டும் கவனித்துப் பார்த்தேன். மனுஷன் அளவாகப் பேசி நிறுத்துகிறார். சிவாஜியின் ஒவ்வொரு வெடிக்கும் திரி அந்தச் சின்னப் பேச்சுதான். அவரும் சேர்ந்து கத்தியிருந்தால் காட்சி சந்தைக்கடை ஆகியிருக்கும்.

இரண்டே பேர், ஒரு மேஜை, ஒரு சண்டை. எந்த ஊர்ப் பையனும் அதைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறிவிடலாம். 'சிவகங்கைச் சீமை'யில் அண்ணன், தம்பி, சுற்றம் என்று துக்கம் பலரிடம் பிரிந்து கிடக்கிறது. தனியாக ஒருவன் நடித்துக் காட்ட முடியாது. அதனால் படத்தில் மிஞ்சியது விஸ்வநாதன் ராமமூர்த்தி போட்ட பாட்டுகள்.

1801-ல் சின்ன மருது எல்லாச் சாதியாரையும் அழைத்து விட்ட திருச்சிப் பிரகடனம் சாதாரண விஷயமில்லை. ஆனா அது சுவரில் ஒட்டிய எழுத்து. கட்டபொம்மன் என்றதும் காதில் சிவாஜி கேட்கிறார். காளையார்கோவிலில் மருதிருவர் சமாதி முன்னால் நின்றால் எனக்கு எந்தக் குரலும் கேட்பதில்லை.

இனி யாராவது சின்ன மருது வேஷம் போட்டால், கர்ஜிக்கக்கூட வேண்டாம். எதிரே ஒரு நல்ல ஜாக்சனை உட்கார வையுங்கள், போதும்.