சாயம் இறங்கிய பிறகு மிஞ்சும் மண்

ஈரோட்டில் இருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். அந்தக் கரை ஈரோடு மாவட்டம், இந்தக் கரை நாமக்கல். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே விசைத்தறிச் சத்தம் காதில் விழும். ஆற்றோரமாக வடக்கே போனால் குமாரபாளையம். அதற்கு நேர் எதிரே, ஜமக்காளத்துக்குப் பேர் போன பவானி.

துணி நெய்யும் ஊரில் சாயப்பட்டறையும் இருக்கும், சாயத் தண்ணீரும் இருக்கும். சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகருக்குள் புகுந்து, நாமக்கல் வயல்கள் வழியாகக் காவிரியில் சேரும் திருமணிமுத்தாறு நிறம் மாறிய கதை சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். ஆறு நிறம் மாறினால் உடனே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறோம். ஆனால், அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்த பிறகு மிஞ்சும் கசடை யாரும் போட்டோ எடுப்பதில்லை. பார்க்க வெறும் மண் மாதிரிதானே இருக்கிறது!

சாயத் தண்ணீரில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் கலக்கிறார்கள். நிறம் திரண்டு அடியில் தங்குகிறது. அதைப் பிழிந்து காயவைத்தால் கட்டி கட்டியாக வருவதுதான் கசடு. பட்டறைப் பேச்சில் 'ஸ்லட்ஜ்'. உள்ளே சாயத்தின் மிச்சமும் உப்பும் இருக்கும். சில சாயங்களில் குரோமியம், தாமிரம் போன்ற உலோகங்களும் சேரும். இதைப் பள்ளம் நிரப்பவோ ஓடைக்கரையிலோ கொட்டினால் ஒரு மழை போதும், பக்கத்துக் கிணற்றில் இறங்கிவிடும்.

அதனால்தான் சட்டம் இதை அபாயகரமான கழிவு என்கிறது. 2016-ம் ஆண்டு விதிகளின்படி, பொதுவாக 90 நாள்களுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. லாரியில் ஏற்றினால் ஏழு நகல்கள் கொண்ட படிவமும் கூடப் போக வேண்டும். ஏழும் ஏழு நிறம். சாயக் கசடுக்கு ஏற்ற காகிதம்தான்!

லாரி எங்கே போகும்? ஒன்று, கும்மிடிப்பூண்டியில் உள்ள பாதுகாக்கப்பட்ட புதைகுழி. நாமக்கல்லில் இருந்து சென்னையையும் தாண்டிப் போக வேண்டும். இன்னொன்று, சிமென்ட் சூளை.

பள்ளிபாளையத்தில் இருந்து சேலம் போகும் வழியில் வருகிறது சங்ககிரி. 1805-ல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட கோட்டை, லாரிப் பட்டறைகள், சுண்ணாம்புக்கல், சிமென்ட் ஆலை எல்லாம் உள்ள ஊர். சிமென்ட்டுக்கு வேண்டியது சுண்ணாம்பும் கொஞ்சம் இரும்பும். கசடிலும் அவை இருக்கின்றன. சூளையின் 1,450 டிகிரி செல்சியஸ் சூட்டில் சாயம் எரிந்துபோகும். உலோகங்களில் பெரும்பகுதி சிமென்ட்டோடு கட்டுண்டுவிடும். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்டுத் திறந்த திருப்பூரில் இருந்தும் கசடு சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. ஆனால், எல்லா ஆலையும் வாங்குவதில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். உப்பு அதிகமானால் சூளைக்குள் படிந்து அடைத்துக்கொள்ளும்.

சிக்கல் சின்னப் பட்டறைகளுக்குத்தான். மாதம் சில மூட்டை கசடுக்காக எந்த லாரியும் வராது. நாலைந்து பட்டறைகள் சேர்ந்து அனுப்பினால் வாடகை கட்டுப்படியாகும். அதுவரை மூட்டைகள் சிமென்ட் தரையில், ஒழுகாத கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தக் கூரையை ஒருமுறை பார்த்துவிடுவது பக்கத்துக் கிணற்றுக்காரர்களுக்கும் நல்லது.