வெங்காயமில்லாத சாம்பார்

நாம் பத்தியம் தொடங்கி மூன்று வாரமாகிறது. வியாதியின் பெயர் ஐ.பி.எஸ்.; போலீஸ் அதிகாரிகளுக்கும் தமிழில் அதே எழுத்துக்கள்தாம்! ஒரு நாள் பேதி, மறுநாள் மலச்சிக்கல், எந்நாளும் உப்புசம். பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரம் காவல் நிற்கும் உபாத்தியாயருக்கு இஃது எப்பேர்ப்பட்ட தண்டனை என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

குடலில் புண் ஒன்றுமில்லை என்று கண்ட வைத்தியர், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் சர்வகலாசாலையார் வகுத்த ஆகார முறையை விதித்தார். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், மாம்பழம் யாவும் விலக்கு, பருப்புக்குக்கூட அளவுண்டு. இவற்றிலுள்ள சில சர்க்கரைகள் சிறுகுடலில் ஜீரணமாகாமல் பெருங்குடலில் புளித்து வாயுவாகின்றன. அரிசிச் சோற்றுக்குத் தடையில்லை; பிழைத்தோம்!

வெங்காயமில்லாத சாம்பாரைப் பெருங்காயத்தால் சரிக்கட்டுவதாக இல்லாள் கூறினாள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு! பிறகு பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்தெறிந்தாள். மணம் எண்ணெயில் இறங்கும். தொல்லை தரும் சர்க்கரை இறங்காது.

இந்தப் பத்தியம் ஆயுளுக்கும் உரியதன்று. 2 முதல் 6 வாரம் விலக்கியபின், ஒவ்வொன்றாய்ச் சேர்த்து, எது பகையென்று சோதிக்க வேண்டும். சிலர் இதை மறந்து, சகலத்தையும் துறந்து இளைத்துப் போகிறார்கள். நமக்கு உப்புசம் பாதி குறைந்திருக்கிறது. முதற் சோதனை எதுவென்று வீட்டில் விவாதம்: இல்லாள் கட்சி வெங்காயம், நம் கட்சி பாலிட்ட காப்பி.