அப்பாவின் லெட்டரும் மூன்று கோடும்

 

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து 65 இன்லேண்ட் லெட்டர்களை மைசூருக்கு எடுத்து வந்தேன். அப்பா ஹூப்ளியில் வேலை பார்த்த காலத்தில் அம்மாவுக்கு எழுதியவை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஒன்றாகத் தட்டச்சு செய்தேன். வேர்ட் எல்லாம் இல்லை. வெறும் டெக்ஸ்ட் ஃபைல், மார்க்டவுன் முறையில். எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும்.

எண், தேதி போன்ற விவரங்களைத் தனியாக ஒரு எக்ஸெல்லில் வைத்திருந்தேன். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் தேதி வரிசையை மட்டும் சார்ட் செய்து சேவ் பண்ணிவிட்டேன். அவ்வளவுதான், பொங்கல் லெட்டருக்குத் தீபாவளித் தேதி! இருபது வருஷம் பேங்கில் குப்பை கொட்டியவன் செய்கிற வேலையா இது?

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் என் பெண் சிரித்தாள். "விவரத்தை லெட்டர் ஃபைலுக்குள்ளேயே வைங்கப்பா. ஃபைல் எங்கே போனாலும் கூடவே போகும்." இதற்குப் பெயர் ஃப்ரண்ட் மேட்டர். 2008ல் வந்த ஜெக்கில் என்ற மென்பொருளால் பரவிய வழக்கமாம். என் ஃபைல் ஒன்றின் தலை இப்படி இருக்கும்:

---
எண்: "012"
எழுதியவர்: அப்பா
ஊர்: ஹூப்ளி
தேதி: "1977-11"
ஆதாரம்: அம்மா போனில் சொன்னது
---

அவள் எழுதிக் கொடுத்த சின்ன பைத்தான் நிரல், கோடுகளுக்கு நடுவில் உள்ளதைப் படித்து, லெட்டர்களைத் தேதிவாரியாக அடுக்கும். எண்ணுக்கு ஏன் மேற்கோள் குறி? முதலில் நான் போடவில்லை. இந்த வரிகள் யாமல் என்ற முறையில் எழுதப்படுபவை. அதைப் படிக்கும் நிரல், பூஜ்யத்தில் ஆரம்பிப்பதால் 012ஐ எட்டின் அடிப்படையிலான எண் என்று நினைத்து 10 ஆக்கிவிட்டது! அக்கவுண்ட் நம்பரின் முன்பூஜ்யத்தை எக்ஸெல் விழுங்குவதைப் பார்த்துப் பழகிய எனக்கே இது புதுசு.

ஆனால் எந்த நிரலாலும் ஆகாத வேலை ஒன்று இருந்தது. அப்பா "கார்த்திகை 5" என்று எழுதுவார், வருஷம் போட மாட்டார். தபால் முத்திரையோ வெறும் கறை. அம்மாவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். 'ஓடு மாத்தியாச்சா?' என்று அப்பா கேட்டிருந்தார்.

"நாகப்பட்டினத்துல புயல் அடிச்சுதேடா, நீ பொறக்கறதுக்கு முந்தின வருஷம். அப்ப பறந்த ஓடுதான்" என்றாள்.

1977 நவம்பர் 12 புயல்! 'ஆதாரம்' என்ற வரி வந்தது இப்படித்தான்.

மைசூரில் மத்திய அரசின் கல்வெட்டுப் பிரிவு இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். இங்கிருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி 2021ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. படி எடுக்கும்போதே ஊர், கோயில், எந்தச் சுவர் என்று குறிக்காவிட்டால், அது எந்தக் கல்லின் படி என்று பிறகு யார் சொல்வது? அப்பாவின் லெட்டருக்கும் அதே கதைதான்.

ஒன்பது லெட்டர்களுக்கு அம்மாவுக்கே வருஷம் நினைவில்லை. 'தேதி: தெரியவில்லை' என்றே போட்டேன். குத்துமதிப்பாக ஒன்றை எழுதினால், நிரல் அதையும் உண்மையென்றே நம்பி அடுக்கிவிடும்.

ஒரு லெட்டரை நாலு வரி படித்ததுமே அம்மா நிறுத்தினாள். "அது மட்டும் யாருக்கும் வேண்டாம்ப்பா."

அந்த ஃபைலில் மட்டும் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன். 'காட்டலாமா: வேண்டாம்'. அந்த வரியைப் பார்த்தால் நிரல் அந்த லெட்டரைத் தாண்டிப் போய்விடும். அக்காவுக்கும் தம்பிக்கும் அனுப்பிய தொகுப்பில் 64தான். (அக்கா, இதைப் படித்தால் என்னிடம் கேட்காதே!)

பி.கு: உங்கள் வீட்டுப் பெட்டியிலும் லெட்டர் இருக்கும். தட்டச்சு மெதுவாகச் செய்துகொள்ளலாம். யார், எப்போது, எங்கே என்பதை மட்டும் தெரிந்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.